உண்ணிக் கடியும் ஒரு தாயின் குறிப்பேடும்

நோய்களின் சரித்திரத்தை நாம் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தே எழுதத் தொடங்குகிறோம். லைம் நோயின் சரித்திரமோ ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே, கனெக்டிகட் ஆறு கடலிற் கலக்கும் பகுதியிலே, மரஞ்செறிந்த சிற்றூர் லைம். அங்கு வாழ்ந்த பொலி மறே அம்மையார் 1950களிலிருந்தே தலைவலி, தோற்சிவப்பு, மூட்டுவீக்கம், சோர்வு என மாறிமாறி வருந்தினார். பின்னர் கணவரும் பிள்ளைகளும் வருந்தினர். வைத்தியர் பலரிடம் சென்றார். சோதனைகளில் எதுவும் புலப்படவில்லை. நோய் உடம்பிலன்று, மனத்திலேயே உள்ளதென்று கருதிய வைத்தியரும் இருந்தனர். தமக்கு விளங்காததை நோயாளியின் கற்பனை என்று ஒதுக்குவது வைத்தியத்தின் பழைய வழக்கம். நோயாளி பெண்ணாயின் அது இன்னும் எளிதாகிவிடுகிறது.

அம்மையார் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். யாருக்கு, எப்போது, எந்த மூட்டில் என்று குறித்தார். அயலிலும் பிள்ளைகள் முழங்கால் வீங்கி நடக்கமாட்டாது கிடப்பதைக் கண்டு அவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1975 இல் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார். பக்கத்து ஊரான ஓல்ட் லைமில் ஜூடித் மென்ஷ் என்ற தாயும், தொற்றாத 'சிறுவர் மூட்டுவாதம்' தன் மகளைப்போல அயற் பிள்ளைகள் பலரையும் எவ்வாறு பிடித்ததென்று தனியே வினவியிருந்தார்.

யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்டியர் என்னும் இளம் வைத்தியர் இவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். ஏறக்குறைய 12,000 பேர் வாழ்ந்த மூன்று ஊர்களில் 51 நோயாளிகளை அவரும் தோழர்களும் கண்டறிந்து 1977 இல் வெளியிட்டனர். அவர்களில் 39 பேர் குழந்தைகள். பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலுமே நோய் தொடங்கிற்று. காட்டோர வீடுகளையே நாடிற்று. நாலிலொருவர், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் தோலில் வட்டமாய் விரிந்த ஒரு சிவப்பை நினைவுகூர்ந்தனர்.

அந்தச் சிவப்பு வட்டம் புதியதன்று. 1909 இலேயே சுவீடன் நாட்டுத் தோல் வைத்தியர் அர்விட் அப்செலியஸ் அதை விவரித்து, உண்ணிக் கடியோடு தொடர்புபடுத்தியிருந்தார். 1950 அளவில் ஐரோப்பாவில் அதற்குப் பென்சிலினும் கொடுத்தார்கள். விடையின் பாதி தோல் வைத்தியரின் ஏட்டில் உறங்கிக்கொண்டிருக்க, மூட்டு வைத்தியரிடம் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தனர்! அறிவைத் துறை துறையாக வேலிகட்டிப் பங்கிட்டதன் விலையை அவர்களே கொடுத்தார்கள்.

1981 இல் மொன்டானா ஆய்வுகூடத்தில் வில்லி பேர்க்டோர்பர், நியூயோர்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் சுருள்வடிவக் கிருமிகளைக் கண்டார். கிருமிக்கு அவர் பெயர் கிடைத்தது. நோய்க்கு ஊரின் பெயர் கிடைத்தது. குறிப்பேட்டை எழுதியவரின் பெயர் எதற்கும் கிடைக்கவில்லை.

கிருமி அக்கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருவது. புதிதாய் மாறியது நிலமே. குடியேறியோர் பயிருக்காகக் காட்டை அழித்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளையும் மேற்கு நிலங்களையும் நாடி வயல்களைக் கைவிட்டனர். காடு மீண்டது, மான் பெருகியது, மானையுண்ணும் ஓநாய் மீளவில்லை. அக்காட்டின் நடுவே வசதி படைத்தோர் வீடுகள் எழுந்தன. கசகசா விதையளவான இளம் உண்ணி எலியிடம் பெற்ற கிருமியை மனிதனுக்குக் கொடுக்கிறது. வளர்ந்த உண்ணியை மான் போஷிக்கிறது.

தொடக்கத்திலேயே அறிந்தால் சில வார டொக்சிசைக்கிளின் பெரும்பாலோரைக் குணப்படுத்தும். தாமதித்தாலோ மூட்டையும் நரம்பையும் இதயத்தையும் நோய் தாக்கக்கூடும். சிவப்பு வட்டம் எல்லாருக்கும் தோன்றுவதில்லை. முதல் வாரங்களில் இரத்தச் சோதனையும் ஏமாற்றலாம். எனவே நோயாளி சொல்வதைக் கேட்பதும் வைத்தியரின் கருவிகளில் ஒன்று. கேட்க மறுத்த இடங்களில் வியாபாரிகள் புகுந்து, பயன் நிரூபிக்கப்படாத நீண்டகால மருந்துகளை விற்றார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

பொலி மறே படித்தவர். எழுதவும் அதிகாரிகளிடம் பேசவும் வல்லவர். அவருக்கே இத்தனை ஆண்டுகள் சென்றன. அதே உண்ணிகள் நிறைந்த காடுகளில் கூலிக்கு மரம் வெட்டியவர்களின் வீங்கிய முழங்கால்களை எவர் கணக்கெடுத்து எழுதி வைத்தார்?