உப்புமாவின் கதை

தமிழ்நாட்டில் அதிகம் திட்டு வாங்கிய பலகாரம் எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், உப்புமாதான். "இன்னைக்கும் உப்புமாவா?" என்று முகம் சுளிக்காத வீடு கிடையாது. சினிமாக்காரர்கள் ஓடாத சின்னப் படங்களுக்கு உப்புமா படம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் திடீரென்று விருந்தாளி வந்தாலும், மாவு புளித்துப் போனாலும், ராத்திரி பத்து மணிக்குப் பசித்தாலும் கைகொடுப்பது அதுதான். இருபது நிமிடம் போதும்.

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. உப்பு + மா. கன்னடத்தில் உப்பிட்டு என்பார்கள், அங்கேயும் உப்பு போட்ட மாவு (ஹிட்டு) என்றுதான் அர்த்தம். நம் பக்கம் அரிசியை உடைத்து, மிளகு சீரகம் போட்டு, வெண்கலப் பானையில் அடிப்பிடிக்க விட்டுச் செய்யும் அரிசி உப்புமா உண்டு. அந்த அடிக் காந்தலுக்கு வீட்டில் சண்டையே நடக்கும். நெல் விளையும் ஊரில் கோதுமை ரவைக்கு அப்போது பெரிய வேலை இல்லை. ஏகாதசி மாதிரி அரிசி சேர்க்காத விரத நாட்களில் பலகாரமாகச் செய்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ரவையை சாதாரண வீடுகளுக்கும் பழக்கியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பி இருந்த காலம் அது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்று போயின. அரிசி ரேஷனுக்கு வந்தது, பற்றாக்குறைக்குக் கோதுமையும் சேர்த்து அளந்தார்கள். சாதம் சாப்பிட்டே பழகியவர்களுக்கு சப்பாத்தி இடத் தெரியாது. ஆனால் கோதுமையை ரவையாக உடைத்துவிட்டால் அரிசி நொய்க்குச் செய்த அதே பக்குவம் போதும்! பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலில் ரவா இட்லி பிறந்ததும் இதே போர்க்கால அரிசிப் பஞ்சத்தில்தான் என்று அவர்களே சொல்வார்கள்.

எங்கள் வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் ஆவடி கொஞ்ச தூரம்தான். ஆவடி ராணுவக் கிடங்குகளின் ஊராக மாறியது அந்தப் போரில்தான். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற ஸ்டேஷன் பெயரே ராணுவத்துக்குப் போட்ட கிளைப்பாதையைச் சொல்லும். ஒரு பக்கம் இந்தப் பாதையில் ராணுவச் சரக்கு போனது, மறுபக்கம் சனங்கள் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள்.

அடுத்த அத்தியாயம் பள்ளிக்கூடத்தில். 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். 1960களில் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு பால் பவுடர், எண்ணெய், தானியம் என்று அனுப்பி உதவியது. அந்தக் காலத்தில் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவை மறந்திருக்கவே மாட்டார்கள். சிலர் ஆசையாகச் சொல்வார்கள், சிலர் அந்த வாசனையே ஆகாது என்பார்கள். உப்புமா என்றாலே இலவசம், ஏழைச் சாப்பாடு என்ற இளக்காரம் இங்கேதான் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பசியோடு வந்த பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்த சாப்பாட்டுக்கு இது அநியாயமான பெயர்.

வெளிநாட்டில் அதற்கு வேறு மரியாதை. மும்பையில் பிறந்த சமையல் கலைஞர் ஃபிளாய்ட் கார்டோஸ் 2011ல் அமெரிக்காவின் 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்' போட்டியில் காளான் போட்ட உப்புமாவைச் செய்து, ஒரு லட்சம் டாலர் பரிசை வென்று அறக்கட்டளைக்குக் கொடுத்தார். (நம் வீட்டில் அதற்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடக் கிடைக்காது :) )

வரலாறு போதும், பக்குவத்துக்கு வருவோம். ரவையை வாசனை வரும் வரை வறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வறுக்காத ரவை தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், நன்றாகக் கொதித்த பிறகு அடுப்பைக் குறைத்து, ஒரு கையால் தூவி மறு கையால் கிளற வேண்டும். மூடி ஐந்து நிமிடம் விட்டால் உதிரியாக வரும். உப்புமாவைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டது இந்த வறுக்காத உப்புமாவைத்தான்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமா மறுபடி பிள்ளைகள் தட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை உப்புமா, செவ்வாய் கிச்சடி என்று பட்டியல் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 2025 ஏப்ரலில் சட்டசபையிலேயே அறிவித்துவிட்டார்கள், திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் இனி பொங்கலும் சாம்பாரும் என்று.