ஆடு மேயும் கோல்ப் திடல்



கோல்ப் என்றால் துரைமார்களின் விளையாட்டு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். பந்தை அடிப்பவர் ஒருவர். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவர் வேறொருவர். அப்படிச் சுமந்த பிள்ளைகளும் மட்டை பிடித்த ஓர் ஊரின் வரலாற்றை இன்று காண்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில் நார்தம் என்னும் சிற்றூர் உள்ளது. ஊருக்கும் கடலுக்கும் இடையே பரந்த புல்வெளி ஒன்று கிடக்கிறது. அது பொதுமேய்ச்சல் நிலம். அங்கே ஆடும் குதிரையும் மேய்க்கும் உரிமை நார்தம் குடிகளுக்குத் தொன்றுதொட்டு உண்டு. அவ்வுரிமை உடையவர்களுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் வழங்குகிறது. சொந்த அடுப்பில் உலை வைப்பவர் என்பது அதன் பொருள்.

1864ஆம் ஆண்டில் அந்தப் புல்வெளியில் ஒரு கோல்ப் கிளப் தோன்றியது. ஊர்ப் பாதிரியார் முன்னின்றார். ஸ்காட்லாந்திலிருந்து டாம் மோரிஸ் என்ற ஆட்டக்காரர் வந்து திடலை அமைத்துக் கொடுத்தார். பின்னர் அரச குடும்பத்தின் ஆதரவு கிடைத்து, அது ராயல் நார்த் டெவன் கிளப் ஆயிற்று. தொடங்கிய இடத்திலேயே இன்றும் ஆட்டம் நடக்கும் திடல்களில் இங்கிலாந்திலேயே பழமையானது இதுதான்.

கிளப்புக்கு வந்தவர்கள் செல்வர்கள். ஆயினும் ஊரார் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அத்திடலில் ஆடுகளும் குதிரைகளும் மேய்கின்றன. அவற்றுக்கு இடம் விட்டுத்தான் கனவான்கள் பந்தடிக்க வேண்டும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டைப் பை சுமக்கும் வேலை கிடைத்தது. 1871இல் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜான் ஹென்றி டெய்லரும் அவர்களில் ஒருவர். 11 வயதில் பள்ளியை விட்டுப் பை சுமக்கப் போனார். அடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

1888இல் நார்தம் தொழிலாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெரிய கிளப்பின் கதவு தங்களுக்குத் திறக்கும் என்று காத்திராமல், தங்களுக்கென்று ஒரு கோல்ப் கிளப் அமைத்தார்கள். டெய்லர் அதில் உறுப்பினரானார்.

அதன் பயன் என்ன? 1894இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் டெய்லர் வென்றார். தொடர்ந்து 1895, 1900, 1909, 1913 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றார். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டுமென்று பாடுபட்டு, 1901இல் அதை நிறுவியவர்களில் முதன்மையானவரும் அவரே. ஏழைகளும் சிறு கட்டணத்தில் ஆட வேண்டும் என்று உழைத்தார். 1923இல் லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் பொதுத்திடல் திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பள்ளிப் படிப்பை இளமையில் இழந்த அவர், தாமே முயன்று கற்று, தம் வாழ்க்கை வரலாற்றை 1943இல் நூலாக வெளியிட்டார்.

1957இல், சிறுவயதில் பை சுமந்த அதே ராயல் நார்த் டெவன் கிளப், டெய்லரைத் தன் தலைவராக்கிச் சிறப்பித்தது. 1963இல் அவர் மறைந்தார்.

ஒரு பிள்ளையின் திறமை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. உரிமையைக் கைவிடாத ஊரும், ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த தொழிலாளர்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். நம் பிள்ளைகளின் திறமைக்குப் பின்னால் நாமும் அவ்வாறு நிற்போமாக.