நேற்றைய நாளை

1999 ஜனவரி 9 அன்று, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள எப்காட் பூங்காவில் ஒரு சவாரி கடைசி முறையாக ஓடி நின்றது. அதன் பெயர் ஹொரைசன்ஸ். தொடுவானம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அந்தக் கட்டடம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஒரு கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் நின்றதற்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. நான் அங்கே சென்றவனும் அல்லன். ரசிகர்கள் பதிவு செய்து வைத்த ஒளிப்படக் காட்சிகள் வழியாகவே அந்தச் சவாரியை அறிவேன். ஆனால் அது ஒரு கதையைச் சொன்ன சவாரி. கதை போன விதமே என்னை எழுதத் தூண்டுகிறது.

வால்ட் டிஸ்னி தம் இறுதி நாட்களில் கனவு கண்ட எப்காட், பூங்கா அன்று. மனிதர்கள் குடியிருந்து வாழும் வருங்கால நகரம். 1966இல் அவர் மறைந்தார். நகரம் எழவில்லை. 1982 அக்டோபர் 1 அன்று அப்பெயரில் திறக்கப்பட்டது ஒரு நிரந்தர உலகக் கண்காட்சி. பல மண்டபங்களுக்குப் பெருநிறுவனங்கள் புரவலர். சரியாக ஓராண்டு கழித்து, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில் ஹொரைசன்ஸ் திறக்கப்பட்டது.

மேலே உள்ள தண்டவாளத்திலிருந்து தொங்கும் வண்டியில் நால்வர் அமர்வர். வண்டி பக்கவாட்டில் மெல்ல நகரும். சுமார் கால் மணி நேரப் பயணம். முதலில் வருவது வருங்காலம் அன்று, முன்னோர் கற்பனை செய்த வருங்காலம். ஜூல் வெர்ன் தம் குண்டு வடிவ விண்கலத்தில், நாயும் கோழியும் உடன் மிதக்க, நிலவுக்குப் போகிறார். பிரெஞ்சு ஓவியர் ஆல்பர்ட் ரொபிடா வரைந்த பறக்கும் ஊர்திகளின் பாரிஸ் அடுத்து வருகிறது. இதைச் சிரித்தபடி கடந்த பின்னரே இன்றைய அறிவியல் கைகூட்டக்கூடிய நாளைக்கு வண்டி நுழையும். தங்கள் கற்பனைக்கும் ஒருநாள் நரை விழும் என்பதை அதை ஆக்கியோர் அறிந்தே இருந்தனர் என்று இந்த அமைப்பைப் பார்க்கையில் தோன்றுகிறது.

கதையைச் சொல்பவர்கள் ஒரு தாத்தாவும் பாட்டியும். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாலைவனத்திலும் கடலடியிலும் விண்வெளியிலுமாகச் சிதறி வாழ்கிறார்கள். பாலையில் ஆரஞ்சுத் தோட்டம். அந்த இடத்தில் பார்வையாளர் நாசியில் உண்மையாகவே ஆரஞ்சு மணம் வீசும். விண்வெளிக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். தொலைவில் இருக்கும் உறவினர் அனைவரும் ஒளியுருவங்களாகத் தோன்றி வாழ்த்துவர். முடிவில் வீடு திரும்பும் வழியாகப் பாலை, கடல், விண் ஆகிய மூன்றில் ஒன்றை வண்டியில் இருப்போரே பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். எதற்கு அதிக வாக்கோ அந்தக் காட்சி அவர்கள் வண்டிக்கு மட்டும் திரையில் ஓடும். 1983இல் இது சிறிய காரியமன்று.

பின் ஏன் போயிற்று? 1993இல் ஜெனரல் எலக்ட்ரிக் விலகிக்கொண்டது. புதிய புரவலர் வரவில்லை. 1994 டிசம்பரில் மூடிய சவாரி, பக்கத்து மண்டபங்களில் மராமத்து நடந்ததால் ஓராண்டுக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டது. மீண்டும் உயிர்பெற்றது என்பதைவிட, இடைவெளியை நிரப்ப அழைக்கப்பட்டது என்பதே சரி. போக்குவரத்தின் வரலாற்றை நகைச்சுவையாகச் சொன்ன வேர்ல்ட் ஆஃப் மோஷன் 1996 தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்த இடத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாயும் டெஸ்ட் டிராக் 1999இல் வந்தது. அதே ஆண்டில் அருகிலேயே யூனிவர்சல் நிறுவனம் புதிய பூங்காவைத் திறந்தது. வேகத்தை நாடும் இளைஞரை இழக்க எவருக்கும் மனமில்லை. கடைசி ஆண்டுகளில் ஹொரைசன்ஸில் வண்டிகள் பல காலியாகவே ஓடின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பழமைப் பற்றால் நான் வாதாடினால் அது நேர்மையாகாது.

2003இல் அந்த நிலத்தில் மிஷன் ஸ்பேஸ் எழுந்தது. விண்வெளி வீரர் பயிற்சிக்கு உதவும் சுழலியைப் போன்ற பொறி, பயணியின் உடல்மீது புவியீர்ப்பின் இரண்டரை மடங்கு விசையைச் செலுத்தும். பொறியியல் வகையில் அது வியப்புக்குரிய ஆக்கமே. பயணிகளுக்குக் குமட்டல் பைகள் வைக்கப்பட்டன. 2005 ஜூனில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும், 2006 ஏப்ரலில் 49 வயதுப் பெண் ஒருவரும் சவாரிக்குப் பின் இறந்தனர். இருவருக்கும் முன்பே உடற்குறை இருந்ததை மருத்துவ ஆய்வு காட்டியது. ஆகவே பொறியின்மீது பழி சுமத்துவது முறையன்று. ஆயினும் 2006 மே மாதத்திலேயே சுழலாத, மென்மையான மாற்று வடிவம் ஒன்றும் அங்கே சேர்க்கப்பட்டது.

என் வருத்தம் வேறு. சுழலும் சவாரிக்கு உயர வரம்பு உண்டு. இதயநோயாளியும் கர்ப்பிணியும் ஏறக்கூடாது. பேரன் உள்ளே போவான், பாட்டி வெளியே பையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். எங்கெங்கோ சிதறிய குடும்பம் ஒரு பிறந்தநாளுக்கு ஒன்றுகூடுவதைக் கதையாகச் சொன்ன இடத்தில், ஒன்றாக வந்த குடும்பம் வாசலில் பிரிகிறது. யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதனால்தான் கூடுதலாக உறுத்துகிறது.

மொழியில் பழையவை கழிவதையும் புதியவை புகுவதையும் நன்னூல் குற்றமாகக் கொள்ளவில்லை. வகுப்பில் அந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கொழிந்த சொல் கல்வெட்டிலும் உரையிலும் தங்கிவிடும், தேடுபவன் கண்டெடுக்கலாம். நகரும் வண்டி, பேசும் பொம்மை, ஆரஞ்சு மணம் இவற்றுக்கு உரைநூல் ஏது? கடைசி ஆண்டுகளில் ரசிகர் இருவர் ஓடும் வண்டியிலிருந்து விதியை மீறி இறங்கி, காட்சிகளின் பின்புறத்தையெல்லாம் படமெடுத்தனர். ஆபத்தான செயல், பாராட்ட இயலாது. ஆயினும் இன்று அந்த அரங்குகளை நெருக்கமாகப் பார்க்க முடிவது அவர்களால்தான்.

நம்மால் கனவு காண முடியுமானால் செய்தும் முடிக்கலாம் என்ற பொருளில் ஒரு வாசகம் வால்ட் டிஸ்னியின் பெயரோடு உலகெங்கும் சுற்றுகிறது. அவர் சொன்னதன்று அது. ஹொரைசன்ஸ் சவாரிக்காக, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின், டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற வடிவமைப்பாளர் எழுதியது. சவாரி போனபின் வாக்கியம் மட்டும் வேறொருவர் பெயரில் வாழ்கிறது. நம் தனிப்பாடல்களுக்கு நேர்ந்ததுதான்.

மிஷன் ஸ்பேஸ் கட்டடத்துக்குள், வரிசையில் நிற்போர் பார்க்கும்படி ஒரு பெரிய சக்கரம் வைக்கப்பட்டது. 2000இல் வந்த மிஷன் டு மார்ஸ் திரைப்படத்தின் அரங்கப் பொருள் அது. அதன் நடு அச்சில் ஹொரைசன்ஸின் பழைய சின்னத்தைப் பொறித்திருக்கிறார்கள். விளக்கப் பலகை எதுவும் இல்லை.