ஏரின் நற்செய்தி: சிம்பாப்வே உழவரும் கிறிஸ்தவ அறப்பணியும்

பசித்தவனுக்கு ஒரு வேளை உணவளிப்பது ஓர் அறம். அவன் ஆண்டு முழுதும் தன் உணவைத் தானே விளைத்துக்கொள்ளும் வழியைக் கற்பிப்பது மற்றோர் அறம். இரண்டனுள் பின்னதே சிறந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், தானியம் கொடுக்கும்போது எழாத ஒரு வினா, பாடம் கொடுக்கும்போது எழுகின்றது. கற்பிக்கப்படும் முறை அந்த மண்ணுக்குப் பொருந்துமா? அதனை முடிவு செய்வோர் யார்? கற்பிப்பவரா, கற்பவரா? தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள சிம்பாப்வே நாட்டின் நூறாண்டு வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விளக்கமாக அமைந்துள்ளது.

மலைமேல் ஒரு சோதனை வயல்

இன்று சிம்பாப்வே எனப்படும் நாடு 1890களில் ஆங்கிலேயக் குடியேறிகளின் கைக்குப் போயிற்று. தெற்கு ரொடீசியா என்று பெயரும் பெற்றது. அதன் கிழக்கெல்லையில், மொசாம்பிக்கை ஒட்டிய செலிண்டா மலையில், 1893இல் அமெரிக்கக் கிறிஸ்தவ அறப்பணிக் கழகம் ஒன்று பள்ளியும் மருத்துவ நிலையமும் கொண்ட மடத்தை நிறுவியது. அங்கு 1919ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவர் எமரி டெல்மான்ட் ஆல்வர்டு என்னும் அமெரிக்கர். அவர் வேளாண்மைக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். பிரசங்க மேடையைவிட வயலையே தமக்குரிய இடமாகக் கருதினார்.

அக்காலத்தில் சமயப் பணியாளரிடையே ஏர்க்கலப்பைக்கும் நற்செய்திக்கும் முடிச்சுப் போடும் கருத்துப் பரவியிருந்தது. அலகாபாத்தில் வேளாண்மைக் கல்வி நிலையத்தைத் தோற்றுவித்த சாம் ஹிகின்பாட்டம், 1921இல் தாம் வெளியிட்ட நூலுக்கு 'நற்செய்தியும் ஏரும்' என்றே பெயரிட்டார். ஆல்வர்டும் தம் பணியை 'ஏரின் நற்செய்தி' என்று சொல்லிக்கொண்டார். உள்ளத்தைத் திருத்துவதோடு உழவையும் திருத்தினாலன்றி மக்கள் வாழ்வு உயராது என்பது அவர் கொள்கை.

அவர் செலிண்டாவில் ஒரு சிறு வயலை எருவிட்டு, வரிசை பிடித்து விதைத்துக் காட்டினார். சுற்றுப்புற வயல்களைக் காட்டிலும் அது பன்மடங்கு விளைந்தது. ஆயினும் ஊர்மக்கள் வியந்தனரேயன்றிப் பின்பற்றவில்லை. 'வெள்ளைக்காரன் செய்தான், விளைந்தது. நமக்கு விளையுமா?' என்பதே அவர்கள் எண்ணம். இதிலிருந்து ஆல்வர்டு ஓர் அரிய உண்மையைக் கண்டுகொண்டார். உழவன் சொல்லைக் கேட்டு மாறான். கண்ணால் கண்டே மாறுவான். அதுவும் தன்னைப் போன்ற ஒருவன், தன்னிடமுள்ள கருவிகளைக் கொண்டே செய்துகாட்டினால்தான் மாறுவான்.

இக்கருத்திலிருந்து பிறந்ததே செயல்விளக்கப் பணியாளர் திட்டம். 1926இல் அரசாங்கம் ஆல்வர்டை ஆப்பிரிக்கரின் வேளாண்மைக் கல்விக்கு அதிகாரியாக அமர்த்தியது. டோம்போஷாவா, ஜோலோட்ஜோ ஆகிய இடங்களிலிருந்த பள்ளிகளில் ஆப்பிரிக்க இளைஞர் பயிற்சி பெற்று ஊர்தோறும் சென்றனர். அவர்கள் கற்பித்தது நான்காண்டுப் பயிர்ச்சுழற்சி. எருவிட்டு மக்காச்சோளம், மறுபடியும் மக்காச்சோளம், அடுத்து நிலக்கடலை போன்ற பயறினம், இறுதியில் கேழ்வரகு. இம்முறையைச் செவ்வனே கைக்கொண்டோர்க்குத் 'தேர்ந்த உழவர்' என்னும் சான்றிதழும் கிடைத்தது. அச்சான்றிதழைப் பெருமிதத்தோடு வீட்டில் மாட்டிவைத்த குடும்பங்கள் பல. விளைச்சல் பெருகியது, அந்த வருவாயைக் கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியோரும் உண்டு. இந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

பாடம் சட்டமான கதை

எனினும், வயலுக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1930ஆம் ஆண்டு நிலப் பகிர்வுச் சட்டம், நாட்டு நிலத்தில் ஏறத்தாழச் சரிபாதியை மிகச் சிறுபான்மையினரான வெள்ளையருக்கு ஒதுக்கியது. பெரும்பான்மையரான ஆப்பிரிக்கருக்குரிய ஒதுக்கு நிலங்கள் பெரும்பாலும் மழை குன்றிய, மணற்பாங்கான பகுதிகள். வெள்ளையர் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோர் அங்கே வந்து குவிந்தனர். ஒரே நிலத்தை ஓய்வின்றி உழ வேண்டிய நெருக்கடி உண்டாயிற்று. மண் அரித்தது.

ஆல்வர்டு இதற்குக் கண்ட மருந்து, மேய்ச்சல் நிலத்தையும் விளைநிலத்தையும் தனித்தனியே பிரித்து, இடையே வீடுகளை நேர்வரிசையில் அமைப்பது. 1929இல் ஷுருக்வி ஒதுக்கு நிலத்தில் இது தொடங்கியது. தொடக்கத்தில் சில ஊர்களில் வரவேற்பும் இருந்தது. ஆனால் இம்மருந்தின் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். குறைந்த நிலத்தில் நிறைய விளைக்கலாம் என்று காட்டினால், இன்னும் அதிகம் பேரை அந்நிலத்திலேயே அடைத்து வைக்கலாமன்றோ? உழவனுக்கு உதவ எழுந்த கலை, அவன் நிலத்தைப் பறித்தவர்க்கும் உதவியது.

அங்காடியிலும் அதே நிலைதான். 1930களின் மக்காச்சோளக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், ஆப்பிரிக்கர் விளைவித்த சோளத்திற்கு வெள்ளையர் சோளத்தைவிடக் குறைந்த விலையே கிடைக்கும்படி செய்தன. நன்றாக உழக் கற்றவன், கற்றதன் பயனைக் கையில் வாங்க முடியவில்லை.

இவற்றுக்கும் மேலான குறை ஒன்று உண்டு. அது அறிவு பற்றியது. ஷோனா உழவர் மரபாக ஒரே வயலில் சோளத்தோடு பூசணியும் காராமணியும் கலந்து பயிரிட்டனர். பரந்த பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காத்தது. ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. நீர் ஊறும் தாழ்நிலங்களை அவர்கள் வறட்சிக் காலத்துக்குக் காப்பாக வைத்திருந்தனர். புதிய பாடம் கலப்புப் பயிரை ஒழுங்கற்ற பழக்கம் என்று ஒதுக்கியது. தாழ்நிலச் சாகுபடியைச் சட்டம் தடுத்தது. மண்ணரிப்பைத் தடுக்கவென்று சரிவுகளில் வரப்பெடுக்கும் வேலை, கட்டாய உழைப்பாக மக்கள் தலையில் விழுந்தது.

ஆல்வர்டு ஓய்வு பெற்றபின், 1951இல் வந்த நிலப் பராமரிப்புச் சட்டம் குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர், இத்தனை மாடு என்று வரம்பிட்டது. ஊர்ப்புறம் கொதித்தெழுந்தது. 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் அச்சட்டத்தைக் கைவிட நேர்ந்தது. நாட்டுரிமை இயக்கம் ஊர்ப்புறங்களில் வேரூன்ற அக்கொதிப்பும் ஒரு காரணம் என்பர் வரலாற்று ஆசிரியர். செய்துகாட்டிக் கற்பிக்கத் தொடங்கிய பணி, ஆணையிட்டுக் கற்பிப்பதில் முடிந்தது. அங்கே நற்செய்தி கட்டளையாயிற்று.

நீரை வரவேற்ற உழவர்

அதே நாட்டில், மழை குறைந்த ஸ்விஷாவானே வட்டாரத்தில், மூன்று ஹெக்டேர் நிலம் வைத்திருந்தவர் செஃபனையா பிரி மசேகோ. 1960களில் அரசியல் ஈடுபாட்டின் பொருட்டு இரயில்வே வேலையை இழந்த அவருக்கு எஞ்சியவை அந்நிலமும் விவிலியமும். ஏதேன் தோட்டத்துக்கு ஆறுகள் நீர் பாய்ச்சியதை ஆதியாகமத்தில் படித்தவர், தம் தோட்டத்துக்கு நீர் எங்கிருந்து வரும் என்று சிந்தித்தார். நிலத்துக்கு மேற்புறம் ஒரு பாறைக்குன்று இருந்தது. மழை பெய்தால் நீர் அதிலிருந்து வழிந்து, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும்.

பிரி பாறைச் சரிவில் சிறு கற்சுவர்களை அடுக்கி நீரின் வேகத்தைத் தணித்தார். கீழே ஒரு குளம் வெட்டி, அதற்குக் 'குடிநுழைவு நிலையம்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். வந்த நீரை அங்கு வரவேற்று, பிறகு நிலத்துக்குள் குடியேற்ற வேண்டுமாம்! அதிகாரிகள் வெட்டச் சொன்ன வரப்புக் கால்வாய்கள் நீரை வெளியே கொண்டுபோயின. அவர் அக்கால்வாய்களுக்குள்ளேயே குழிகள் தோண்டி, நீர் நின்று மண்ணில் இறங்கும்படி செய்தார். நீருக்கும் மண்ணுக்கும் மணம் முடித்து வைப்பதே தம் வேலை என்பது அவர் கருத்து. தடை செய்யப்பட்ட ஈரநிலத்தில் பயிரிட்டதற்காக அவர்மீது வழக்கும் வந்தது. ஆனால் காலம் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. விடுதலைக்குப்பின் 1980களில் அவர் தம் முறையைப் பிற உழவர்க்குக் கற்பிக்கும் அமைப்பொன்றைத் தொடங்கினார். அவர் தோட்டத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 2015இல் அவர் மறைந்தார்.

ஏரை விடு என்ற புதிய பாடம்

ஏறக்குறைய அதே காலத்தில், பிரையன் ஓல்ட்ரீவ் என்னும் வெள்ளையர் வேறு வழியால் அதே உண்மைக்கு அருகில் வந்தார். புகையிலைப் பண்ணை நடத்திய அவர், கிறிஸ்தவப் பற்றின் காரணமாகப் புகையிலையைக் கைவிட்டார். பின்னர் 1980களில் ஹின்டன் என்னும் பெரும்பண்ணையை நிருவகித்தபோது, உழவுக்குப்பின் மேல்மண் மழையில் ஓடுவதைக் கண்டு மனம் நொந்தார். காட்டை யாரும் உழுவதில்லை. உதிர்ந்த இலை போர்வையாக நிலத்தை மூடிக் காக்கிறது. படைத்தவன் செய்யும் வேளாண்மை அதுவே என்று கருதி, நிலத்தைப் புரட்டாமல் சிறு குழிகளில் விதைத்து, தட்டையும் சருகும் கொண்டு மூடினார். பெரும் பயன் கண்டார். அவர் வழியில் எழுந்த கிறிஸ்தவப் பயிற்சிப் பணி இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நடைபெறுகின்றது. மாடும் கலப்பையும் இல்லாத கைம்பெண்களும் முதியோரும் மண்வெட்டி ஒன்றைக்கொண்டே செய்யக்கூடியது என்பது அதன் சிறப்பு.

சிம்பாப்வே அரசு 2020இல் இம்முறையை 'பும்வுட்சா' என்னும் பெயரில் நாடெங்கும் பரப்பியது. 39 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள துண்டு நிலம். அதில் 52 வரிசைகளில் 1,456 குழிகள். ஒரு வரிசையின் விளைவு ஒரு குடும்பத்துக்கு ஒரு வார உணவு. 52 வரிசை ஓராண்டுக்கு. எழுத்தறியாதவரும் எண்ணிக் கொள்ளத்தக்க கணக்கு இது.

ஏரின் நற்செய்தி சொன்ன நாட்டில், இரண்டு தலைமுறைக்குள் ஏரை விடு என்பதே நற்செய்தியாயிற்று! இரண்டும் ஒரே சமயத்தின் அன்பிலிருந்து பிறந்தவை. ஆகவே கொடுப்பவரின் தூய உள்ளம் மட்டுமே பாடத்தின் உண்மைக்குச் சான்றாகாது. புதிய முறையிலும் குறையுண்டு. குழி தோண்டுவது முதுகொடிக்கும் வேலை. 'தோண்டி உண்' என்ற வழக்கை, 'தோண்டிச் சாவு' என்று உழவரே மாற்றிக் கேலி பேசுகின்றனர். மூடாக்குக்கு வேண்டிய தட்டையைத் தின்ன மாடும் காத்திருக்கின்றது. அக்கேலியையும் செவிமடுப்பதே நல்லாசிரியர்க்கு அழகு.

ஈகையும் ஒப்புரவும்

திருக்குறள் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும், ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வைத்திருக்கிறது. ஈகை, இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, உலகத்தோடு ஒருவராய் இருந்து பயன்படுவது. ஆல்வர்டு செலிண்டா மலையில் கண்ட உண்மை ஒப்புரவைச் சார்ந்தது. உழவனுக்கு உழவனே ஆசான் என்பது அதன் பொருள். அவர் அரசாங்கத்தின் அலுவலரானபின் அது தேய்ந்து, மேலிருந்து கீழே இறங்கும் ஈகையாயிற்று. பிரி மசேகோவோ, ஊராரோடு ஊராராய் நின்றே கற்பித்தார்.

ஆப்பிரிக்க உழவர்க்கு இன்றும் திருச்சபைகள் விதையும் கருவியும் பயிற்சியும் வழங்கி வருகின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அக்கொடை உயிர் காப்பது. அக்கொடையோடு நிலத்தில் உரிமையும், விளைவுக்கு ஒத்த விலையும், உழவனின் பழைய அறிவுக்கு மதிப்பும் சேரும்போதுதான் அவன் மீண்டும் கையேந்தாமல் நிற்பான். வயலில் கற்பிப்பார்க்கு மட்டுமன்றி வகுப்பறையில் கற்பிப்பார்க்கும் இவ்வரலாறு பயன்படும். மாணாக்கன் ஏற்கனவே அறிந்திருப்பது யாது என்று கேட்டறிந்த பின்னரே பாடத்தைத் தொடங்குதல் நன்று.