இரவின் கடைசி ஆரத்தி

திருமலையில் பசியாறியவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. 2011-இல் திறக்கப்பட்ட அன்னதானக் கூடத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பா என்பதே பெயர். பந்தியில் சாதத்தைப் பிசைந்தபடியே, யாரோ தர்மவதியான சீமாட்டி பொருள் கொடுத்துக் கட்டியிருக்கிறார் போலும் என்று பேசிக்கொண்டவர்களை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். வெங்கமாம்பா பெருமாளுக்குக் கொடுத்தது பொருளன்று, பாட்டு.

பழைய சித்தூர் ஜில்லாவில் வாயல்பாட்டை அடுத்த தரிகொண்ட கிராமத்தில், லக்ஷ்மீ நரசிம்மர் சந்நிதி நிழலில், 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த அவருக்குப் பால்ய விவாகம் நடந்து, வாழ்க்கை இன்னதென்று அறியும் முன்பே வைதவ்யமும் வந்து சேர்ந்தது. கணவனை இழந்தவள் தலையை மழித்துக்கொண்டு, பூவும் பொட்டும் துறந்து, வீட்டின் இருண்ட மூலையில் ஆயுளைக் கழிக்க வேண்டும் என்று விதித்திருந்த அந்நாளில், வேங்கடாசலபதியே என் நாயகன் என்று சொல்லி அவர் அக்கோலத்தை ஏற்க மறுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊராரின் ஏச்சைப் பொறுத்திருந்து, பிறகு அவர் மலையேறினார். தும்புரு தீர்த்தத்தின் தனிமையிலும் தவமிருந்தார் என்பர்.

வேங்கடாசல மாஹாத்மியம், துவிபத பாகவதம், வாசிஷ்ட ராமாயணம் ஆகிய அவருடைய நூல்களைப் பண்டிதர்கள் போற்றுவார்கள். எனக்கோ அவர் இயற்றிய யக்ஷகானங்களின்மீதே பிரியம் அதிகம். நம் தெருக்கூத்துக்கு உடன்பிறப்பான அக்கலையில், ஏட்டைத் தொட்டறியாத ஜனங்களும் பாடி ஆடும்படி அவர் எழுதியவற்றுள் செஞ்சு நாடகமும் ஒன்று. செஞ்சுக்கள் நல்லமலைக் காட்டின் ஆதிகுடிகள். அக்குலத்துப் பெண்ணை நரசிம்மர் காதலித்து மணந்தார் என்பது தெலுங்கு தேசத்துக் கதை. ஊர் ஒதுக்கிய பெண்ணொருத்தி அந்த நாடகத்தை எழுத அமர்ந்ததை நினைக்கையில் என் நெஞ்சு நெகிழ்கிறது.

அதே பெருமாளைப் பாடி 1503-இல் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் ஆயிரக்கணக்கில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள்ளேயே ஒரு சிற்றறையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சம் கண்டன. வெங்கமாம்பாவுக்குச் செப்பேடு வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது ஒரு நித்திய வழக்கம். இரவில் தரிசனம் முடிந்து, ஏகாந்த சேவையில் வெள்ளி விக்ரகமான போக ஸ்ரீநிவாசரைச் சங்கிலியில் தொங்கும் கட்டிலில் பள்ளிகொள்ளச் செய்து, பாலும் பழமும் நிவேதித்த பின்னர், அன்னமாசாரியரின் வம்சத்தார் தாலாட்டுப் பாடுவர்; வெங்கமாம்பாவின் பெயரால் முத்தியால ஹாரதி எடுக்கப்படும். முத்துக்களால் அலங்கரித்த வெள்ளித்தட்டில் கற்பூரச் சுடர் அசைய, முத்துக்கள் ஒவ்வொன்றும் ஒரு கணம் பொன்னாகி மீண்டும் வெண்மையாகும். தாள்ளபாக்கம் லாலி, தரிகொண்ட ஹாரதி என்று அங்கே பழமொழியே உண்டு.

1817-இல் அவர் மறைந்தார். மலைமேல் ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் பிருந்தாவனம் எனப்படும் அவருடைய சமாதி இருக்கிறது.

மார்கழியில் மட்டும் அந்தக் கட்டிலில் போக ஸ்ரீநிவாசருக்குப் பதிலாகக் கண்ணன் பள்ளிகொள்வான். அம்மாதத்தில் வைகறைச் சுப்ரபாதமும் ஓய்ந்து, அவ்விடத்தில் திருப்பாவை ஒலிக்கும். வில்லிபுத்தூர்ப் பெண்ணின் பாட்டில் கண்விழிக்கும் பெருமாள், நள்ளிரவில் தரிகொண்டப் பெண்ணின் ஆரத்தியைக் கண்ட பிறகே துயில்கிறார். அதன் பின்னரே நடை சாத்துகிறார்கள்.