வி.பி.பி. பார்சலில் தொடங்கிய கதை



"இணைய வணிகம் வளர்ந்த வரலாற்றைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, என் ஞாபகத்துக்கு வந்தது கம்ப்யூட்டர் அல்ல. நம்ம விடுதி வாசலில் நின்ற தபால்காரர்தான்.

என் அறைத்தோழன் பத்திரிகை விளம்பரம் பார்த்து, வி.பி.பி.யில் கைக்கடிகாரம் வரவழைத்திருந்தான். "முதல்ல பணத்தைக் கட்டு தம்பி, அப்புறம்தான் பிரிக்கலாம். ரூல் அப்படி" என்றார் தபால்காரர். கட்டினான். பிரித்தால், பொம்மைக் கடிகாரம்! விடுதியே சிரித்தது. பாவம், அந்த மாத மெஸ் பணம் போயே போச்சு.

வி.பி.பி. முறை இந்தியாவுக்கு வந்தது 1877-ல். பொருளைக் கொடுக்கும்போதே தபால்காரர் பணத்தை வசூலித்து, அனுப்பியவருக்குச் சேர்ப்பித்து விடுவார். விற்றவருக்குப் பணம் வருமோ என்ற பயம் இல்லை. உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம் மட்டும் வாங்குபவர் தலையில்!

அடுத்த படி, 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான பின்கோடு. செங்கல்பட்டுக்கு 603001, மாமல்லபுரத்துக்கு 603104. தபால் பிரிக்க வந்த இந்த ஆறு எண்களைத்தான் இன்று எந்த இணையக் கடையும் கேட்கிறது.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தந்தது. மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2002-ல் ரயில் டிக்கெட் இணையத்துக்கு வந்தது. ஜங்ஷன் கவுண்டரில் கால்கடுக்க நின்ற நமக்கு அது பெரிய விஷயம். ஆனாலும் ஆரம்பத்தில் காகித டிக்கெட் கூரியரில்தான் வீடு வந்தது.

2007-ல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல் 'பொருள் வந்ததும் பணம்' என்றது. அட, நம்ம பழைய வி.பி.பி.! ஒரே வித்தியாசம், பொருள் சரியில்லையென்றால் திருப்பி அனுப்பலாம். பயம் இப்போது விற்பவர் பக்கம் சாய்ந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்து, பணம் கொடுப்பதும் சுலபமாயிற்று.

சரி, நம் பக்கத்து மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இதில் என்ன? அவர் விற்பது கல். கனம் அதிகம், வழியில் மூக்கு உடைந்தால் ஒட்ட முடியாது. திரும்பி வந்தால் இரட்டைச் செலவு. உளியால் செதுக்கியதும் மெஷினில் அறுத்ததும் போட்டோவில் ஒன்றுபோலவே தெரியும். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, பார்சலுக்கு?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குப் பெரிய கம்பெனிகளின் கணக்கையே புரட்டாதீர்கள். பஸ் ஏறி மாமல்லபுரம் போய், பத்துப் பட்டறைகளில் உட்கார்ந்து கேளுங்கள்: "ஐயா, வழியில் உடைஞ்சா நஷ்டம் யாருக்கு?" தூரத்து வியாபாரத்தின் வரலாறே அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன பதில்தான்.

அடுத்த மலரில் உங்கள் கட்டுரையைப் படிக்கக் காத்திருக்கிறேன். அந்தக் கடிகார நண்பனும் படிப்பான்!