தூணும் நாணும்: இதயத்துள் ஒரு தசையின் வரலாறு

நெஞ்சு, உள்ளம், அகம் எனத் தமிழில் இதயத்தோடு தொடர்புடைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை இதயத்தில் குடியிருப்பதாக நாம் கருதிக்கொண்ட உணர்ச்சிகளுக்கு உரியவை; மார்புக் கூட்டுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் அந்த உறுப்புக்கு உரியவை அல்ல. இதயத்தைப் பாடியவர்கள் பலர். அதைப் பிளந்து பார்த்து, உள்ளே கண்டவற்றுக்குத் தமிழில் பெயரிட முயன்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் உழைப்பில் ஒரு பகுதி நம் நாஞ்சில் நாட்டைத் தொட்டுச் சென்றிருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

இதயம் முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடக்குதல் இயலாது. ஆகவே அதனுள் விரல்நுனி போலத் துருத்தி நிற்கும் ஒரு சிறு தசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மருத்துவர் அதைப் பாப்பில்லரி தசை என்பர். பாப்பில்லா என்பது இலத்தீனில் முலைக்காம்பைக் குறிக்கும் சொல். காம்புத் தசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கதவும் கயிறும்

இதயத்தின் நான்கு அறைகளுள் மேலிரண்டும் குருதியை வாங்குபவை. கீழிரண்டும் அதை வெளித்தள்ளுபவை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஒருவழிக் கதவாக வால்வு இருக்கிறது. வலப்புற வால்வுக்கு மூன்று இதழ்கள், இடப்புறத்துக்கு இரண்டு. இடப்புற வால்வு கத்தோலிக்க ஆயர்கள் அணியும் மைட்டர் என்னும் இருகூர்த் தொப்பியை ஒத்திருப்பதைக் கண்டவர், 1543இல் தம் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸ். மைட்ரல் வால்வு என்ற பெயர் அந்த ஒப்புமையிலிருந்து வந்தது. உவமை அறிவியலுக்கும் பெயர் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த இதழ்களின் விளிம்பிலிருந்து வெண்ணிறமான மெல்லிய நாண்கள் பல கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை வந்து முடியும் இடமே காம்புத் தசை. இடக் கீழறையில் இத்தசை இரு தொகுதியாக, ஒன்று முன்பக்கமாகவும் மற்றொன்று பின்பக்கமாகவும், சுவரிலிருந்து எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு தசையும் தனக்கு நேரான ஓர் இதழோடு நின்றுவிடாமல் இரண்டு இதழ்களுக்கும் நாண்களை அனுப்புகிறது. வலக் கீழறையில் பொதுவாக மூன்று தொகுதிகள் உண்டு. ஆட்டிறைச்சிக் கடையில் வாங்கிய இதயத்தை நெடுக்குவாட்டில் அரிந்து பார்ப்பவர் எவரும் இவற்றை வெறுங்கண்ணால் காணலாம்.

இத்தசையின் வேலை யாது? நாண்களை இழுத்துக் கதவை மூடுவது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. கதவை மூடுவது குருதியின் அழுத்தமே. கீழறை சுருங்கும்போது உள்ளே அழுத்தம் பெருகி இதழ்களை மேல்நோக்கி உயர்த்திப் பொருத்துகிறது. அதே அழுத்தம் இதழ்களை மேலறைக்குள் புரட்டித் தள்ளவும் வல்லது. காற்றில் குடை பின்புறமாக மடங்கிக்கொள்வதைப் போன்றது அது. அவ்வாறு புரளாமல் பிடித்து நிறுத்துவதே காம்புத் தசையின் கடமை.

வெறும் கயிறாக இருந்தால் போதாதா, தசை எதற்கு என்று கேட்கலாம். கீழறை சுருங்கும்போது அதன் சுவர் வால்வை நோக்கி நெருங்கி வருகிறது. நீளம் மாறாத கயிறாக இருந்தால் அந்த நொடியில் அது தொய்ந்துவிடும், கதவு புரண்டுவிடும். சுவர் நெருங்கும் அளவுக்குத் தானும் சுருங்கி, நாணைத் தொய்யவிடாமல் காப்பது தசையால் மட்டுமே இயலும். குமரிக் கடலோரத்தில் பாய்மரம் ஏற்றிய கட்டுமரத்தில் பாய்க்கயிற்றைக் கையில் பற்றியிருப்பவரை நினைத்துப் பார்க்கலாம். பாயை விரிப்பது காற்று, அவரல்லர். ஆனால் மரம் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கயிற்றை இழுத்தும் விட்டும் அவர் பிடித்திராவிட்டால் அந்தக் காற்றால் பயனில்லை.

இத்தசை அறுந்தால் என்ன ஆகும் என்பதை மாரடைப்பு காட்டித் தருகிறது. இடக் கீழறையின் முன்தசைக்கு பெரும்பாலும் இரண்டு நாளங்களின் கிளைகள் குருதி தருகின்றன. பின்தசைக்கோ பெரும்பாலும் ஒன்றே. அந்த ஒன்று அடைபட்டால் தசை நலிந்து, சில நாள்களுக்குள் அறுந்துபோவதும் உண்டு. உடனே குருதி பின்னோக்கிப் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவசர அறுவை இன்றிப் பிழைப்பது அரிது.

பெயரிட்டவர்கள்

1513ஆம் ஆண்டளவில் லியொனார்டோ டா வின்சி எருதின் இதயத்தை அறுத்துப் பார்த்து, தசையையும் நாணையும் இதழையும் வியக்கத்தக்க நுட்பத்தோடு வரைந்தார். ஆனால் அவ்வோவியங்கள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1628இல் வில்லியம் ஹார்வி குருதி சுற்றி வருவதை நிறுவியபோதுதான் ஒருவழிக் கதவுகளின் பொருள் முழுதும் விளங்கிற்று.

இவ்வறிவு தமிழுக்கு வந்த கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார். முதலில் ஆங்கிலத்தில் மாணவரைப் பயிற்றியவர், பின்னர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். ஆங்கிலம் கற்றவர் ஊர்ப்புறம் நோக்கித் திரும்பமாட்டார் என்பது அவர் கண்ட அனுபவம். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூல் பதினான்கே ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்தது. அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’ ஆயிற்று. உடலியங்கியல் ‘மனுஷ சுகரணம்’ ஆயிற்று.

இவ்வரிசையில் வந்த ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் 1875இல் அச்சானது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில். அக்காலத்தில் நம் ஊர் அச்சுக் கோப்பாளர்கள் தமிழுக்கு அதுவரை அறிமுகமாகாத அறிவியல் சொற்களை எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கிறார்கள் என எண்ணும்போது ஒரு பெருமிதம் எழுகிறது. அம்முயற்சி தொடர்ந்திருந்தால் காம்புத் தசைக்கு இன்று ஒரு நிலைத்த தமிழ்ப்பெயர் இருந்திருக்கும். கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார். மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் கைக்கே போயிற்று.

நெய்யூரிலிருந்து திருவனந்தபுரம்

நாஞ்சில் நாட்டுக்கு மேலை மருத்துவம் நெய்யூர் வழியாக வந்தது. 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மிஷன் மருத்துவர் அங்கே பணியைத் தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், மலையிலிருந்து இறங்கியபின் நெய்யூருக்கு வந்து, வைத்தியத்துக்காகக் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு, இலண்டன் வாழ்வைத் துறந்து இங்கேயே தங்கிவிட்டது பலரும் அறிந்த செய்தி. ஆயினும் அக்காலத்தில் இதயத்தின் உட்பகுதி உலகின் எந்த அறுவையாளருக்கும் ஏறத்தாழ எட்டாத இடமாகவே இருந்தது.

ஆனால் இதய நோய் காத்திருக்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் வாதக் காய்ச்சல் என்றொன்று உண்டு. தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமிக்கு எதிராக எழும் உடலின் படை, ஆள் தெரியாமல் இதயத்தையே தாக்குவதால் வருவது அது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் பெரும்பாலும் தாக்கும். இதழ்கள் தடிக்கும், நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகும், ஈற்றில் இதழ் நேராகக் காம்புத் தசையின் நுனியில் ஒட்டிக்கொண்டது போலாகிவிடும். நெருக்கமான குடியிருப்பும் உரிய நேரத்தில் மருந்து கிட்டாமையும் இந்நோயை வளர்ப்பன. பிள்ளைப் பருவத்தில் தொண்டைவலியாக வந்தது, மணமாகி முதற்பேறு வாய்க்கும் காலத்தில் மூச்சிரைப்பாக வெளிப்படும்.

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் செயற்கை மைட்ரல் வால்வை வெற்றிகரமாகப் பொருத்தினார். மருந்து இருக்கிறது என்று தெரிந்தும் வாங்க இயலாத நிலையே நம்மவர்க்கு வாய்த்தது. இறக்குமதி வால்வின் விலை அத்தகையது.

இந்த இடத்தில்தான் திருவனந்தபுரம் வருகிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தத் திருவிதாங்கூரின் குடிகளே. எல்லை பிரிந்த பின்னும், பெருநோய் வந்தால் நாகர்கோவிலிலிருந்து வடமேற்கே பேருந்தேறுவது நம் மக்களின் வழக்கம். 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் உருவாகி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். அதன் தலைவரான அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், வால்வை இங்கேயே செய்வது என்று துணிந்தார். பூஜப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனை அதற்கு ஆய்வுக்கூடமாயிற்று.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒரு மாதிரியில் செயற்கை நீலமணியால் செய்த தட்டு ஆட்டின் இதயத்தில் பொருத்திய பின் உடைந்தது. நான்காம் மாதிரியில் உலோகச் சட்டத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு, மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட ஒருவகை நெகிழியால் ஆனது. விலைமதிப்புள்ள மணி உடைந்த இடத்தில் எளிய நெகிழி நிலைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கி, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் சித்ரா வால்வு ஏறியிருக்கிறது. பிற்காலத்தில் சரகரையும் சுசுருதரையும் வாக்படரையும் ஆழ்ந்து கற்று நூல்கள் எழுதிய வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார்.

அரிந்து எறியப்பட்ட தூண்

இனி நம் காம்புத் தசைக்கு வருவோம். செயற்கை வால்வுக்கு நாண் தேவையில்லை. புரளாத உலோகச் சட்டமே அதற்குப் போதும். ஆகவே தொடக்க காலத்தில் பழைய இதழோடு நாண்களையும், காம்புத் தசையின் நுனியையும் சேர்த்து அறுவையாளர்கள் அரிந்து எடுத்தார்கள். இடம் தூய்மையாகும்; புதிய வால்வு தடையின்றி அமரும். வால்வு செவ்வனே இயங்கியது. ஆனால் நோயாளிகள் சிலரின் இதயம் மட்டும் நாளடைவில் வலுவிழந்தது.

காரணத்தை முதலில் ஐயுற்றவர் வால்ட்டன் லில்லிஹை. 1964இல் அவர், தசையையும் நாணையும் வால்வின் வளையத்தோடு இணைந்தபடியே விட்டுவைத்துச் செயற்கை வால்வைப் பொருத்தும் முறையை முன்வைத்தார். அன்று அது பரவலாக ஏற்கப்படவில்லை. 1980களில் டொராண்டோவின் டிரோன் டேவிட் முதலியோரின் ஆய்வுகள் அவர் எண்ணியதை உறுதிப்படுத்தின. கதவைப் பிடித்திருந்த நாண் கதவை மட்டும் பிடித்திருக்கவில்லை; மறுமுனையில் சுவரையும் பிடித்திருந்தது. அதை அறுத்ததும் கீழறை தன் நீள்வடிவம் இழந்து உருண்டை வடிவாகி, சுருங்கும் திறனில் குறைந்தது. இன்று, இயன்றவரை நாணைக் காத்தே வால்வு மாற்றுகிறார்கள். ஆனால் வாதக் காய்ச்சலால் நாணும் தசையும் இறுகிப்போன இதயத்தில் அவ்வாறு காப்பது பல வேளைகளில் அரிது. ஏழையின் நோய் மருத்துவத்தின் மேலான பயனையும் ஏழைக்கு எட்டாமல் செய்துவிடுகிறது.

உலோக வால்வு பொருத்தியவர் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பே நிற்கிறது ஓர் எளிய வழி. தொண்டைத் தொற்றுக்கு உரிய காலத்தில் பென்சிலின். ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி, பல ஆண்டுகளுக்கு. அதைத் தவறாமல் போடவைப்பது மருத்துவமனையின் வேலை மட்டுமன்று. ஏன் போட வேண்டும் என்பது தாய்க்கு விளங்க வேண்டும். விளங்குவதற்குச் சொல் வேண்டும்.

கிறீனின் கவலையும் இதுவே. மருத்துவர் நாணென்றும் தூணென்றும் சொல்லி ஒரு தாளில் வரைந்து காட்டினால், பள்ளி வாசலை மிதியாத தாய்க்கும் இந்தத் தசையின் வேலை ஐந்து நிமிடத்தில் புரியும். அதற்கான சொற்கள் நம் மொழியில் முன்பே இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலின் ஓர் அச்சகத்தில் தொடங்கிய வேலையை, தமிழ் கற்பிக்கும் நாமும் மருத்துவம் கற்பிப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து தொடர்வதே மீதமிருக்கிறது.